சத்து மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தீராத சோர்வைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மன அழுத்தம் கூடிக்கூடி அட்ரினல் சுரப்பி களைத்துப்போகிறது, அதற்கு அஸ்வகந்தா, அதிமதுரம், வைட்டமின் சி, விலங்கின் அட்ரினல் சுரப்பிச் சாறு அடைத்த கேப்சூல் இவற்றை எடுத்தால் தெம்பு திரும்பும் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த நான்கையும் ஏழு மாதம் விழுங்கியவள் நான். ஏழாவது மாதக் கடைசியில் என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் இந்தக் கடிதம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வயது 47. தையல்தான் தொழில். 22 வருடமாக மிஷின் மிதிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் முதலில் கெட்டது காலை நேரம்தான். படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றால்தான் அடி எடுத்து வைக்க முடியும். ஒரே மூச்சில் வெட்டி முடிக்கும் துணியை மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து வெட்டினேன். பசி போய்விட்டது. என் உடைகளையே இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். டேப்பைச் சுற்றிப் பார்த்தபோது இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. அடுத்தவர் உடம்பில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணாலேயே சொல்கிறவள் நான். என் உடம்பு சுருங்கியதை மட்டும் வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன்.

அப்புறம் உப்பு. உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. "என்னம்மா இது?" என்று மகள் கேட்டாள். "உடம்பு கேக்குதுடி" என்றேன். நிஜமாகவே உடம்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் என் கையிலேயே இருந்தது. உள்ளங்கை ரேகைகள் கறுத்துப்போயின. துணிச் சாயம் ஏறியிருக்கிறது என்று நினைத்து சோப்பு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. விரல் முட்டிகள், ஈறு, அந்த வருடம் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி ஆறிய தழும்பு, எல்லாம் கறுத்தன. வெயிலில் அலையாதவள் ஏன் கறுக்கிறாள் என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும் என்றார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோர்வு என்று வருகிறவர்கள் அவ்வளவு பேர், எனக்கு இருந்ததாகப் பின்னால் தெரிந்த அட்ரினல் செயலிழப்பு அவ்வளவு அபூர்வம். ஆனால் என் கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆரோக்கிய ஆலோசகர் ஒருவரிடம் போனேன். ரத்தம் எடுக்கவில்லை. 40 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார். காலையில் எழக் கஷ்டமா, உப்பு பிடிக்கிறதா, எரிச்சல் வருகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். "உங்களுக்கு அட்ரினல் சோர்வு" என்றார். கடைசியில் ஒருவர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாரே என்று அங்கேயே அழுதுவிட்டேன். நான்கு பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் ஆறு வாரம் நன்றாகவே இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தலைச்சுற்றல் குறைந்தது, பழையபடி வேலை ஓடியது. அந்த ஆறு வாரத்தை நம்பித்தான் மற்ற மாதங்களைக் கழித்தேன். சோர்வு மறுபடி ஏறியபோது மாத்திரையை இன்னும் ஒன்று கூட்டிக்கொண்டேனே தவிர, மருத்துவரிடம் போகவில்லை.

ஒரு நாள் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. சாதாரண வயிற்றுக் கோளாறு, வீட்டில் எல்லோருக்கும் வந்து இரண்டு நாளில் போனதுதான். எனக்கு மட்டும் அன்று இரவே பேச்சு குழறியது, இடுப்பு வலி தாங்க முடியவில்லை, அப்புறம் நினைவு இல்லை. அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் 70/40. ரத்தத்தில் சோடியம் 118, அது 135-க்கு மேல் இருக்க வேண்டியது. பொட்டாசியம் 6.1, அது 5-ஐத் தாண்டக் கூடாதது. சர்க்கரை 54. இரவுப் பணியில் இருந்த சிறு வயது மருத்துவர் ஒருவர், டிரிப் ஏற்ற நரம்பு தேடும்போது என் கையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். "இந்தக் கறுப்பு எப்பலேருந்து இருக்கு?" என்று என் மகளிடம் கேட்டார். அட்ரினல் சுரக்கும் கார்டிசால், அட்ரினலைத் தூண்டிவிடும் ஏசிடிஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களுக்கும் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல், கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார். கூடவே வேகமாக சலைன். விடிவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டேனாம். முடிவு வந்தபோது கார்டிசால் 2 மைக்ரோகிராம்கூட இல்லை. அவ்வளவு அவதியில் இருக்கும் உடம்பில் அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும்.

எனக்கு வந்தது அடிசன் நோய். 1855-ல் தாமஸ் அடிசன் என்ற லண்டன் மருத்துவர் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகள்தான் அட்ரினல், ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறாக அவற்றைத் தாக்கி அழிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம், காசநோயும் இன்னொரு காரணம். எனக்கு முதலாவது. சுரப்பி அழிந்ததும் கார்டிசாலும், உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனும் நின்றுபோகின்றன. கார்டிசால் வரவில்லையே என்று மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச்சைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏசிடிஹெச்தான் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டி ரேகைகளைக் கறுக்க வைக்கிறது. நான் சோப்பு போட்டுத் தேய்த்தது இதைத்தான்.

அந்த ஆறு வாரத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று ஹார்மோன் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னார். கார்டிசாலைச் செயலற்றதாக மாற்றும் என்சைம் ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. அதிமதுரம் அதைத் தடுக்கிறது. அதனால் என் சுரப்பியில் மிச்சம் இருந்த கொஞ்சம் கார்டிசால் அங்கே கூடுதலாக வேலை செய்து, உப்பைத் தங்கவைத்து, ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருக்கலாம் என்றார். சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு இதே அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். சுரப்பிச் சாறு கேப்சூலைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். 2018-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை வெளியிடும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அட்ரினலுக்கு நல்லது என்று விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்ததில் பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. லேபிளில் அது எழுதப்படவில்லை. என் கேப்சூலில் என்ன இருந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் கார்டிசால் குறைந்த உடம்புக்குள் தைராய்டு ஹார்மோன் போனால் இருக்கிற கார்டிசாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும், அது ஆளையே சாய்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அட்ரினல் சோர்வு" என்ற பெயரை 1998-ல் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க இயற்கை வைத்தியர் பரப்பினார். ஹார்மோன் மருத்துவ அமைப்புகள் அதை ஒரு நோயாக ஏற்கவில்லை. 2016-ல் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படி ஒரு நிலை இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இதைச் சொல்லும்போது, சோர்வோடு இருப்பவர்களைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படி என்னிடம் சொல்லப்பட்டபோது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். சோர்வு நிஜம். அதற்குப் பின்னால் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மன அழுத்த நோய் என்று எதுவும் இருக்கலாம். என்னைப் போல ஆயிரத்தில் ஒருத்திக்கும் குறைவானவர்களுக்கு அடிசன் நோய் இருக்கலாம். கேள்வித்தாளில் அது தெரியாது. கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும், அதனால் ரத்தத்தைக் காலையிலேயே எடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஹெச் ஊசி போட்டு, 30 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் மறுபடி ரத்தம் எடுத்து, சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், சில ஹார்மோன் முடிவுகளை அது தப்பாகக் காட்டிவிடும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும்.

சத்து மாத்திரைகளே வேண்டாம் என்று எழுத நான் உட்காரவில்லை. இன்றும் நான் சிலவற்றை எடுக்கிறேன். சோதித்ததில் வைட்டமின் டி குறைவாக இருந்தது, அதனால் அதுவும் கால்சியமும் உண்டு. ஹைட்ரோகார்டிசோன் அளவு கொஞ்சம் கூடினாலும் காலப்போக்கில் எலும்பு தேயலாம். என் போன்றவர்களுக்கு எதிர்ப்பு சக்தி வயிற்றையும் தைராய்டையும் தாக்கக்கூடும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கிறார்கள். பி12 எனக்கு இதுவரை சரியாக இருக்கிறது, அதனால் எடுப்பதில்லை. டிஹெச்இஏ என்று ஒன்று உண்டு. சில நாடுகளில் சத்து மாத்திரையாகவே விற்கிறார்கள், உண்மையில் அதுவும் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்தான். மருத்துவர் மேற்பார்வையில் ஆறு மாதம் எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை, நிறுத்திவிட்டார். வைட்டமின் சி உடம்பிலேயே அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடங்களில் அட்ரினலும் ஒன்று, அது உண்மை. அதற்காக வைட்டமின் சி சாப்பிட்டால் அழிந்த சுரப்பி முளைக்காது. உப்பு எனக்கு மருந்து மாதிரி, வெயில் காலத்தில் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். என் கொழுந்தனார் அக்கறையோடு சோடியம் குறைந்த உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். என் நோயில் பொட்டாசியம் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் எனக்கு அது விஷத்துக்குச் சமம் என்று மருந்தாளுநர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரே பொருள் ஒருவருக்கு நல்லதும் இன்னொருவருக்குக் கெடுதலுமாக இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

உயிரைப் பிடித்துவைத்திருப்பது இவை எதுவும் இல்லை. எழுந்தவுடன் 10 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், மதியம் 5, மாலை நான்கு மணிக்கு 5. நின்றுபோன ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாக, காலையில் ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1 மில்லிகிராம். அவ்வளவுதான். இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. என் மாமியார் ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துவிட்டார். முகம் ஊதும், எலும்பு போகும், விட்டுடும்மா என்று கெஞ்சினார். அவர் பார்த்தது வேறு. மூட்டு வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் பெரிய அளவில் கொடுத்த ஸ்டீராய்டை அவர் பார்த்திருக்கிறார். நான் எடுப்பது என் சுரப்பி நன்றாக இருந்தால் அதுவே சுரந்திருக்கக்கூடிய அளவை ஒட்டியது. அத்தைக்கு இதை விளக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது மாலை நான்கு மணிக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிறவரே அவர்தான். இந்த வகை ஹார்மோன்களைக் கண்டுபிடித்ததற்காக எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன், ஃபிலிப் ஹென்ச் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் பிறந்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன்.

தயவுசெய்து ஒரு கட்டம் கட்டியாவது நீங்கள் போட வேண்டியது இதுதான். அட்ரினல் செயலிழந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு தானாகக் கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளாது, நாம்தான் கூட்ட வேண்டும். எனக்கு எழுதித் தந்திருக்கும் விதி: 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரண்டு மடங்கு, 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்ட பிறகு பழைய அளவு. வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால், அல்லது பெரிய அடி பட்டால், 100 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனை. அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் மருத்துவரிடம் இதைத் தங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு நோய்க்கு மருந்து தரும்போதும் இந்த நோயைச் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இரண்டும் ஹைட்ரோகார்டிசோனைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

என் மகள் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். காலாவதியான மருந்துக் குப்பி ஒன்றை வாங்கி, தோள் பட்டைக்கு வைத்துத் தைக்கும் பஞ்சுத் திண்டில் குத்திக் குத்திப் பழகினாள். நல்ல குப்பி ஒன்று, ஊசி நீர், சிரிஞ்சு மூன்றும் ஒரு சிவப்புப் பையில் மிஷினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பையை நானே தைத்தேன். இருட்டில் தடவினாலும் கைக்கு அகப்பட வேண்டும் என்று ஜிப்புக்கு நீளமாக ஒரு நாடா வைத்திருக்கிறேன். கையில் நோயின் பெயரும் "ஸ்டீராய்டு ஊசி தேவை" என்ற வரியும் பொறித்த வளையம் போட்டிருக்கிறேன்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்கள் என்னைவிட அதிகம் பேர். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பல வாரம், பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். மருந்து வந்துகொண்டே இருப்பதால் அவர்களுடைய சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சரியாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் என்னைப் போலவே விழுவார்கள். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பெயர் போடாத வலி நிவாரணப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொடியை நிறுத்தியதும் படுத்துவிடுகிறவருக்கு, தான் ஸ்டீராய்டு எடுத்தோம் என்பதே தெரிந்திருக்காது.

ஐயா, சோர்வைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது ஒரு ஹார்மோன் மருத்துவரிடமும் கேட்டு எழுதுங்கள். எடை குறைவு, எழுந்தால் தலைச்சுற்றல், உப்பு மேல் ஆசை, காரணம் தெரியாமல் கறுக்கும் ரேகை, இவை சேர்ந்து வந்தால் சத்து மாத்திரைக்கு முன்னால் காலை ரத்தப் பரிசோதனை என்று ஒரு வரி போடுங்கள். இத்துடன் இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறேன். முதலாவது, மருத்துவமனையில் சேர்ந்த அன்று மகள் எடுத்த என் உள்ளங்கை. இரண்டாவது, ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தொடங்கி எட்டு மாதம் கழித்து அதே கை. ரேகைகள் வெளுத்திருப்பதைப் பார்க்கலாம், ஊசி ஏறிய தழும்பு மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி